சிலுவையில் பிறந்த 7 வாக்கியங்கள்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்றைய தினம் இயேசுநாதர் சிலுவையில் மொழிந்த இறுதி வாக்கியங்களைக் குறித்துப் பேசும்படி சங்கத்தார் எம்மைப் பணித்திருக்கின்றனர். நம்மவருள் கிறிஸ்து மதத்தைத் தழுவியோரும் உளர். சைவ வைணவ நெறிகளில் நிற்போரும் உளர். மதம் வேறாயினும் இழவு வீட்டில் யாவரும் ஒரே பாயில் அமர்கின்றோம். யாம் பேசப் புகுவதும் ஓர் இழவு வீட்டிலிருந்தே தொடங்குகின்றது என்க.

எமக்குத் தமையன் முறையாகும் ஒருவருடைய மகன், 19 வயது நிரம்பியவன், மூன்று நாட் காய்ச்சலில் இறந்துபோனான். அன்றிரவு அவன் தாயார், எமக்கு மதினி, பிரேதத்தின் தலைமாட்டிலிருந்து, “ஆண்டவரே, ஏன் இப்படிச் செய்தீர்? நான் கூப்பிட்டது உமக்குக் கேட்கவில்லையா?” என்று ஓயாமல் அரற்றிக் கொண்டிருந்தார்கள். அப்பொழுது அங்கு வந்திருந்த பெரியவர் ஒருவர், “அம்மா, கிறிஸ்தவர்கள் கடவுளை ஏன் என்று கேட்கலாகாது, அது அவிசுவாசம்” என்று கண்டித்தார். மதினி சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். அதன்பின் அடக்கம் முடியும்வரை அவர்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. யாமோ வேதபுத்தகத்தைச் சிறுவயது முதல் வாசித்து வருகிறவர்களாயிருந்தும், பெரியவருக்கு எதிராகப் பேச நாணி வாளாவிருந்தோம். அது பிழை என்பதை வீடு திரும்பும் வழியிலேயே உணர்ந்தோம். அன்று சொல்லத் தவறியதை இன்று இச்சபையில் சொல்ல விரும்புகின்றோம்.

இயேசுநாதர் சிலுவையில் 7 வாக்கியங்கள் மொழிந்தார் என்று கிறிஸ்தவர் யாவரும் கூறுவர். ஆயினும் சுவிசேஷங்கள் நான்கினுள் எந்த ஒன்றிலும் இவ்வேழும் இல்லை. லூக்கா மூன்றைத் தருகிறார். யோவான் வேறு மூன்றைத் தருகிறார். மத்தேயுவும் மாற்கும் ஒன்றே ஒன்றைத் தருகின்றனர், அதுவும் இருவருக்கும் பொதுவான ஒன்று. இவற்றை ஒன்றுசேர்த்து வரிசைப்படுத்தியது பின்வந்த திருச்சபையாரின் வேலை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாத்தியான் என்னும் சிரியா தேசத்தார் நான்கு சுவிசேஷங்களையும் ஒரே சரித்திரமாகப் பின்னினார். அவ்வழியே சென்று பிற்காலத்தார் ஏழையும் ஒரு மாலையாகக் கோத்தனர். கர்தினால் பெல்லார்மின் என்னும் இத்தாலிய ஞானி 1618ல் இவ்வேழையும் குறித்து ஒரு தனி நூலே வெளியிட்டார்.

பெரிய வெள்ளியன்று நண்பகல் 12 மணி முதல் 3 மணிவரை கோயிலில் அமர்ந்து ஏழையும் ஒவ்வொன்றாகத் தியானிக்கும் வழக்கம், தென் அமெரிக்காவில் பெரு தேசத்து லீமா நகரில், அலோன்ஸோ மெஸியா என்னும் சேசுசபைக் குருவால் 17ஆம் நூற்றாண்டில் ஏற்படுத்தப்பட்டது என்பர். அங்கிருந்து ஸ்பெயின் தேசத்துக்கும் பிற தேசங்களுக்கும் பரவிற்று. ஸ்பெயினிலுள்ள காடிஸ் நகரத்தாரின் வேண்டுகோளின்படி ஹைடன் என்னும் பெயர்பெற்ற சங்கீத வித்துவான் 1786, 1787 காலத்தில் இவ்வாக்கியங்களுக்கென வாத்திய இசை இயற்றினார். கோயிலின் சுவர்களையும் ஜன்னல்களையும் தூண்களையும் கறுப்புத் துணியால் மூடி, நடுவில் ஒரே விளக்கைத் தொங்கவிட்டு, நண்பகலில் கதவுகளைச் சாத்துவார்களாம். பிஷப் பிரசங்க பீடமேறி ஒரு வாக்கியத்தைச் சொல்லி விளக்கி, இறங்கி வந்து முழந்தாளிடுவார். அந்த மௌனத்தை நிரப்ப வாத்தியம் ஒலிக்கும். ஏழு முறை மெதுவான இசையே அமைத்துக் கேட்போர் சலிப்படையாமற் செய்வது எளிதன்று என்று ஹைடனே எழுதியிருக்கிறார்.

நமது தமிழ்நாட்டுக் கோயில்களிலும் இம்மும்மணி ஆராதனை நடைபெறுவதை நம்மிற் பலர் அறிவர். முதல் மூன்று வாக்கியங்களுக்கு ஏற்பட்ட பிரசங்கிகள் தத்தமக்குரிய நேரத்துக்கு மேலும் எடுத்துக்கொள்ள, நான்காவதற்கு வந்தவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அவசரமாக முடிப்பதை யாம் பன்முறை கண்டதுண்டு. அந்த நான்காவது வாக்கியத்தைக் குறித்தே இன்று மிகுதியாகப் பேசக் கருதுகிறபடியால், ஏனையவற்றைச் சிறிது விரைந்தே கடப்போம்.

சிலுவை இன்று கோபுரத்தின் உச்சியிலும் கழுத்துச் சங்கிலியிலும் விளங்குகின்றது. அக்காலத்திலோ அது பேசத்தகாத பொருளாயிருந்தது. ரோமாபுரியின் சொல்வன்மையாளராகிய சிசரோ, அச்சொல்லே ரோமக் குடிமகனின் காதுக்கும் கண்ணுக்கும் எண்ணத்துக்கும் தூரமாயிருக்கவேண்டும் என்ற கருத்துப்பட கி.மு. 63ல் வாதித்தார். அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் உரிய தண்டனை அது. ஸ்பார்த்தக்கஸ் என்பவன் தலைமையில் எழுந்த அடிமைகளின் கலகம் கி.மு. 71ல் அடக்கப்பட்டபோது, பிடிபட்ட 6,000 பேரைக் காப்புவா நகரம் முதல் ரோமாபுரி வரையுள்ள ராஜபாட்டை நெடுகிலும் சிலுவைகளில் அறைந்தனர். 1968ல் எருசலேமின் வடபுறத்தே ஒரு கல்லறைக் குகையைத் தோண்டியபோது, யெகோகனான் என்னும் பெயர் பொறித்த எலும்புப் பேழையொன்றில், ஏறக்குறைய 11 சென்டிமீட்டர் நீளமுள்ள இரும்பாணி பாய்ந்த குதிகால் எலும்பு அகப்பட்டது. ஆணியின் முனை வளைந்துபோனதால் அதைப் பிடுங்க இயலாமல் அப்படியே புதைத்திருக்கின்றனர். அவனும் அதே நூற்றாண்டினன். அவனையும் ஒரு தாய் பெற்றிருப்பாள்.

இத்தகைய மரத்தில் தொங்குவோர் என்ன பேசுவர்? செனெக்கா என்னும் ரோம தத்துவஞானி, இயேசுநாதர் காலத்தில் வாழ்ந்தவர், தாம் தொங்கும் மரத்திலிருந்தே வேடிக்கை பார்ப்போர்மேல் காறி உமிழ்வோர் உண்டு என்று எழுதியிருக்கின்றார். அது மனித இயல்பே. இதை மனத்திற் கொண்டால்தான் முதல் வாக்கியத்தின் அருமை விளங்கும். தம்மை ஆணியடித்தோரைப் பிதா மன்னிக்கவேண்டும் என்றும், அவர்கள் செய்வது இன்னதென்று அறியாதிருக்கின்றார்கள் என்றும் இயேசுநாதர் வேண்டிக்கொண்டதாக லூக்கா கூறுகிறார்.

ஈண்டு ஒரு செய்தியை மறைக்காது சொல்லவேண்டும். 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததும் மிகச் சிறந்ததெனக் கருதப்படுவதுமான வத்திக்கான் ஏட்டில் இவ்வாக்கியம் இல்லை. அதே நூற்றாண்டின் சீனாய் ஏட்டில், முதலில் எழுதியவர் இதை எழுதியிருக்க, பின்வந்த திருத்தக்காரர் ஒருவர் நீக்கற்குறி இட்டிருக்கிறார். அதன்பின் வந்தவர் அக்குறியை நீக்கி மீண்டும் சேர்த்திருக்கிறார். பிரதி செய்தோர் தவறவிட்டனர் என்பார் சிலர். இயேசுவைக் கொன்றோருக்கும் மன்னிப்பா என்று மனம் பொறாதவரே நீக்கினர் என்பார் வேறு சிலர். இரண்டாவது கருத்தே எமக்குப் பொருந்துவதாகத் தோன்றுகின்றது. ஏனெனில், பின்வந்த நூற்றாண்டுகளில் கிறிஸ்தவர்கள் யூதகுலத்தார் அனைவரையும் கிறிஸ்துவைக் கொன்றவர் என்று பழிசுமத்தி ஊரைவிட்டுத் துரத்தியதும், பெரிய வெள்ளி சமயத்திலேயே அவர்கள் வீடுகளைத் தாக்கியதும் சரித்திரம். கோயிலுக்குள்ளே மன்னிப்பின் வாக்கியத்தைத் தியானித்தோரே வெளியே வந்து கல்லெறிந்தனர். ஒரு குலத்தார் முழுவதையும் அப்பழிக்கு உள்ளாக்குவது தகாது என்று ரோமன் கத்தோலிக்க சபை தன் பொதுச் சங்கத்தில் வெளிப்படக் கூறிய ஆண்டு 1965.

அவ்வாக்கியத்தைச் சொன்னபடியே கொண்டோரும் இலராகவில்லை. 1940ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் தேதி இரவு, ஜெர்மானிய விமானங்கள் இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரத்தின்மேல் குண்டுமாரி பொழிந்தன. அந்நகரத்துப் பேராலயம் மேற்கூரையின்றிச் சுவர்மாத்திரமாய் நின்றது. கரிந்து விழுந்த உத்தரங்கள் இரண்டைக் குறுக்காகக் கட்டிச் சிலுவையாக நிறுத்தினர். ஆலயத்தின் தலைமைக் குருவாகிய ரிச்சர்டு ஹவர்டு என்பார், இடிந்த பீடத்தின் பின்சுவரில் மன்னிப்பு வேண்டும் இரண்டே சொற்களைப் பொறிக்கச் செய்தார். சுவிசேஷத்திலுள்ள ‘இவர்களை’ என்ற சொல்லை அவர் சேர்க்கவில்லை. மன்னிப்பு வேண்டுவோர் எதிர்ப்பக்கத்தில் மாத்திரமே இருக்கின்றனர் என்று பொருள்படலாகாதென்பது கருத்து. இவ்வாறு விட்டது எமக்கு நூறு பிரசங்கங்களுக்குச் சமமாகத் தோன்றுகின்றது. நம்முடைய பங்காளிச் சண்டைகளில் மத்தியஸ்தம் செய்யச் சங்கத்தார் சென்றபோதெல்லாம், “அவன் மன்னிப்புக் கேட்டால் நான் மன்னிப்பேன்” என்று இரு திறத்தாரும் ஒரே வாசகத்தைச் சொல்லக் கேட்டிருக்கின்றோம்.

இரண்டாவது வாக்கியம், உடன் தொங்கிய குற்றவாளிக்குச் சொன்னது: அன்றைக்கே தம்முடன் பரதீசில் இருப்பான் என்பது. மாற்கின் சரித்திரத்தில் இரு குற்றவாளிகளும் அவரை நிந்திக்கின்றனர். லூக்காவின் சரித்திரத்தில் ஒருவன் மனந்திரும்புகின்றான். ‘இன்றைக்கு’ என்னும் சொல்லை முன்னுள்ள சொல்லோடு கூட்டுவதா பின்னுள்ளதோடு கூட்டுவதா என்று சபையாருக்குள்ளே வழக்குண்டு. பழைய கிரேக்க ஏடுகளில் நிறுத்தற்குறி கிடையாதாகையால் அவ்வழக்குத் தீருவதும் இல்லை. அவ்வழக்கில் யாம் புகவில்லை. ஞானஸ்நானமும் பெறாது, ஒரு நற்கிரியையும் செய்ய நேரமின்றி, கையும் காலும் கட்டுண்டு கிடந்த ஒருவனுக்கு அவ்வார்த்தை கிடைத்தது என்பதே மரணப்படுக்கையருகில் கிறிஸ்தவர்கள் இதனை நினைப்பதற்குக் காரணம்.

மூன்றாவது, தம் தாயாரைச் சீடன் ஒருவனிடமும் சீடனைத் தாயாரிடமும் ஒப்படைத்தது. நம் பழைய தமிழ் வேதத்தில் இயேசுநாதர் தாயாரை ‘ஸ்திரீயே’ என்று விளிக்கின்றார். தமிழர் காதுக்கு இது கடூரமாகப் படுவதால், “பெற்ற தாயை இப்படி அழைக்கலாமா?” என்று நம் சிறுவர்கள் ஞாயிறு பள்ளியில் கேட்பது வழக்கம். கிரேக்கத்தில் அவ்விளி மரியாதைக் குறைவானதன்று. 1995ல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் ‘அம்மா’ என்றே அமைத்துவிட்டனர், தக்க காரியம். கத்தோலிக்கர் அத்தாயார் விசுவாசிகள் அனைவருக்கும் தாயாக அளிக்கப்பட்டார் என்று கொள்வர். ஆறாம் சின்னப்பர் என்னும் போப்பாண்டவர் 1964ல் ‘திருச்சபையின் தாய்’ என்னும் பட்டத்தை வெளிப்படையாக வழங்கினார். சீர்திருத்த சபையாரோ, சாகும் மகன் தாயின் முதுமைக்கு வழிசெய்த கடமையையே இதில் காண்பர். எவ்வாறாயினும், உலகத்துக்காக மரிப்பவர் என்று போற்றப்படுபவர் தம் வீட்டுத் தாயை மறந்திலர்.

இனி நான்காவதற்கு வருவோம்.

மாற்கு சுவிசேஷத்தின்படி காலை 9 மணிக்குச் சிலுவையில் அறைந்தனர். நண்பகல் தொடங்கி 3 மணிவரை பூமியெங்கும் இருள் மூடிற்று. 3 மணிக்கு இயேசுநாதர் உரத்த சத்தமிட்டு, என் தேவன் என்று இருமுறை விளித்து, ஏன் தம்மைக் கைவிட்டார் என்று கேட்டார். மாற்கு கிரேக்கத்தில் எழுதுகிறவராயிருந்தும் இந்த வாக்கியத்தை அரமேய பாஷையிலேயே முதலில் எழுதிப் பின்னர்ப் பொருள் கூறுகின்றார். அரமேயம் இயேசுநாதரின் தாய்மொழி. அந்த ஒலி கேட்டவர்கள் காதைவிட்டு நீங்கவில்லை போலும்! அருகில் நின்றோர், கடவுளை விளித்த சொல்லை எலியா என்னும் தீர்க்கதரிசியின் பெயராக எண்ணி, எலியா வந்து இறக்குகிறானா பார்ப்போம் என்றனர். ஒருவன் கடைசிக் கேள்வியைக் கேட்கின்றான்; சுற்றி நிற்போர் அதைச் சரியாகக் கேட்கவும் இல்லை.

இவ்வாக்கியம் ஆதிமுதலே கிறிஸ்தவர்களை இடறச் செய்தது. லூக்காவும் யோவானும் இதை எழுதவில்லை. பேதுருவின் சுவிசேஷம் எனப் பெயர்கொண்டதும், திருச்சபையார் ஏற்காததுமான ஒரு பழைய நூலின் பகுதி எகிப்து தேசத்தில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அகப்பட்டது. அதில், கடவுள் கைவிட்டார் என்பதற்குப் பதிலாகத் தம் வல்லமை தம்மைக் கைவிட்டதாக மாற்றப்பட்டிருக்கின்றது. பேஸா ஏடு எனப்படும் பழம் பிரதியிலோ, கைவிட்டதற்குப் பதில் நிந்தித்ததாகத் திருத்தியிருக்கின்றனர். ‘தேவகுமாரன் இப்படியும் பேசுவாரோ’ என்று அஞ்சி அச்சொல்லை மெழுகி மறைக்க முயன்றோர், எம் மதினியைக் கண்டித்த பெரியவருக்கு முன்னோர்கள் என்பது எம் கருத்து. அவர்களது அச்சத்தையும் யாம் ஏளனம் செய்யவில்லை. அது பக்தியிலிருந்தே பிறந்தது.

ஆயினும் திருச்சபை அவர்கள் திருத்தத்தை ஏற்கவில்லை. இடறலான வாக்கியத்தை இடறலாகவே வைத்து வாசித்து வந்திருக்கின்றது. அதற்குப் பொருள் கூறியோர் பலர். ஆகஸ்தீன், அங்கே கேட்டது நம்முடைய குரல், தலையானவர் தம் அவயவங்களாகிய நமக்காகப் பேசினார் என்றார். கால்வின், பாவிகள்மேல் வரவேண்டிய தேவகோபத்தை அவர் உள்ளத்திலே மெய்யாகவே அனுபவித்தார் என்றும், நரகத்தில் இறங்கினார் என்று விசுவாசப் பிரமாணத்தில் சொல்லுவது இதுவே என்றும் 1559ல் முடிவாக வெளியிட்ட தம் பெருநூலில் வாதித்தார்.

பெரும்பாலான பிரசங்கிகள் கூறும் விளக்கம் வேறொன்று. அவ்வாக்கியம் 22ஆம் சங்கீதத்தின் தொடக்கம். அச்சங்கீதம் கைவிடப்பட்டவனின் ஓலத்தில் தொடங்கி, கடவுள் செவிகொடுத்தார் என்னும் துதியில் முடிகின்றது. முதலடியைச் சொன்னவர் கடைசியடியையும் மனத்திற்கொண்டே சொன்னார். ஆகவே அது அவநம்பிக்கையன்று, துதியே என்பர். இதில் உண்மையுண்டு. யூதர்கள் சங்கீதங்களை முதலடியால் குறிப்பிடுவதும் உண்டு. ஆனால் இவ்விளக்கம் ஓலத்தை ஓலமாகவே இருக்கவிடாமல் பாராயணமாக்கிவிடுமோ என்று யாம் அஞ்சுகின்றோம். நோவின் உச்சத்தில் மனிதனுக்குச் சொந்தச் சொல் வருவதில்லை. சிறுவயதில் மனனம் செய்ததே வாயில் வருகின்றது. நம் வீட்டு முதியோர் ஆவி பிரியும் நேரத்தில், பெற்ற பிள்ளைகளின் பெயரை மறந்தும், ஏழு வயதில் கற்ற ஞானப்பாட்டை முணுமுணுப்பதைக் கண்டிருக்கின்றோம் அல்லவா? நாசரேத்தூர்த் தச்சனின் மகனும் அவ்வாறே தம் இளமையில் செபாலயத்தில் கற்ற சொல்லில் தம் நோவை இட்டார் என்று கொள்ளுதல் தவறாகாது. அச்சொல் அவருக்கு முன் அநேகர் அழுத சொல். அதனாலேயே அவருக்கு உதவிற்று.

இன்னுமொன்று கவனிக்கவேண்டும். அவர் யோர்தான் நதியில் ஞானஸ்நானம் பெற்றபோது வானத்திலிருந்து ஒரு சத்தம் உண்டாயிற்று. மலைமேல் மறுரூபமானபோதும் மேகத்திலிருந்து ஒரு சத்தம் உண்டாயிற்று. சிலுவையில் அவர் கேட்டபோது ஒரு சத்தமும் உண்டாகவில்லை. மாற்கு இதை மூடிமறைக்கவில்லை. பதிலுக்கு வந்தது காடி தோய்ந்த கடற்காளானும் மரணமுமே. அதன்பின் தேவாலயத் திரைச்சீலை மேலிருந்து கீழ்வரை கிழிந்தது. எதிரே நின்ற ரோம நூற்றுக்கதிபதி, இம்மனிதர் மெய்யாகவே தேவகுமாரன் என்று பொருள்படச் சொன்னான். வானம் சொல்லாததைக் கொலைக்களத்துச் சேவகன் சொன்னான். அதுவும் கேட்டவர் இறந்தபின்னரே.

யுர்கன் மோல்த்மான் என்னும் ஜெர்மானியர், 1943ல் ஹாம்பர்க் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது சிறுவயதுப் போர்வீரராயிருந்தார். தம் பக்கத்தில் நின்ற தோழன் சிதறி மாண்டான், தாம் பிழைத்தார். பின்னர் ஆங்கிலேயரிடம் யுத்தக் கைதியாகி ஸ்காட்லாந்தில் ஒரு முகாமில் இருந்தபோது, பாதிரியார் ஒருவர் கொடுத்த வேதபுத்தகத்தில் மாற்கின் சரித்திரத்தை வாசித்துவந்து இவ்விடத்துக்கு வந்தார். தம்மை அறிந்துகொண்ட ஒருவரை அங்கே கண்டதாகப் பிற்காலத்தில் கூறினார். அவர் வேதசாஸ்திரப் பேராசிரியராகி 1972ல் வெளியிட்ட சிலுவையுண்ட கடவுளைப் பற்றிய நூல், இவ்வொரு வாக்கியத்தைச் சுற்றியே எழுந்தது. துன்பத்தை வானத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் கடவுளல்லர், அதற்குள்ளே இருப்பவரே கடவுள் என்பது அவருடைய வாதம். 2024ல் 98ஆம் வயதில் அவர் காலமானார்.

ஆகவே, கிறிஸ்தவர்கள் கடவுளை ஏன் என்று கேட்கலாகாது என்பாருக்கு நாம் சொல்லும் விடை எளிது. கிறிஸ்து கேட்டார். அதுவும் உரத்த சத்தமாய்க் கேட்டார் என்று எழுதியிருக்கின்றது. அவர் ஆராதித்த வேதத்திலே யோபு கேட்டான், எரேமியா கேட்டான், 150 சங்கீதங்களுள் மிகப் பல இக்கேள்வியாலேயே ஆனவை. கைவிட்டார் என்று சொல்லும்போதும் ‘என் தேவனே’ என்று விளித்தே சொன்னார் என்பதைக் காண்க. எவரிடத்தில் வழக்கோ அவரிடத்திலேயே முறையிட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவனே அவிசுவாசி. நேருக்குநேர் நின்று ஏன் என்று கேட்பவள் அல்லள்.

ஐந்தாவது, தாகமாயிருப்பதாகச் சொன்ன ஒரு சொல். கிறிஸ்துவின் சரீரம் வெறும் தோற்றமே, அவருக்கு நோவில்லை என்று போதித்த பழைய கூட்டத்தாருக்கு இதைவிடத் தக்க மறுப்பில்லை. நோவை மயக்கும் வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தை முதலில் மறுத்தவர், இறுதியில் சேவகர் குடிக்கும் புளித்த காடியை ஏற்றார். கல்கத்தாவில் அன்னை தெரேசா 1950ல் நிறுவிய கன்னியர் மடத்தார், உலகெங்கும் தங்கள் சிற்றாலயங்களில் சிலுவையின் அருகே இச்சொல்லையே எழுதிவைக்கின்றனர். நீர் வார்க்க ஆளில்லாது வீதியில் கிடப்பவரின் நாவில் அதே சொல்லைக் கேட்பதற்காக என்க.

ஆறாவது கிரேக்கத்தில் ஒரே சொல். தமிழில் ‘முடிந்தது’ என்கின்றோம். கதை முடிந்தது என்றாலும் முடிந்தது. கலியாணம் நல்லபடியாக முடிந்தது என்றாலும் முடிந்தது. கிரேக்கச் சொல்லுக்குப் பின்னதே பொருள்: எடுத்த காரியம் நிறைவெய்தி நிற்கின்றது என்பது. ஏழாவது, தம் ஆவியைப் பிதாவின் கைகளில் ஒப்புவித்தது. இது 31ஆம் சங்கீதத்தில் உள்ளது; பிதா என்னும் விளியை அவர் தாமே சேர்த்தார். யூதர்கள் உறங்கப்போகுமுன் சொல்லும் செபத்தில் இக்கருத்து இன்றும் உண்டு. திருச்சபையின் இரவுச் செபத்திலும் உண்டு. மார்ட்டின் லூத்தர் 1546ல் ஐஸ்லேபன் நகரில் மரிக்கும்போது இதையே திரும்பத் திரும்பச் சொன்னதாக உடனிருந்தோர் எழுதிவைத்தனர். படுக்கைக்குப் போகும் பிள்ளை சொல்வதை மரத்தில் தொங்கியவர் சொன்னார்.

நான்காவதற்கும் ஏழாவதற்கும் இடையே எவ்வளவு நேரம் சென்றது என்பதை எந்தச் சுவிசேஷமும் சொல்லவில்லை. வரிசையே பின்வந்தோர் அமைத்தது என்பதை முன்னரே கூறினோம். ஏன் என்ற கேள்வியிலிருந்து ஒப்புவித்தலுக்கு அரைமணி நேரத்தில் வந்து சேரவேண்டும் என்று இழவு வீட்டாருக்கு நாம் காலம் குறிக்கலாகாது.

சென்ற மாதம் அப்பிள்ளை இறந்து ஓராண்டு நிறைவுற்றது. யாம் மதினியின் வீட்டுக்குச் சென்று, அன்று வாய்மூடியிருந்ததற்காக அவர்களிடம் வருத்தம் தெரிவித்துக்கொண்டோம். அவர்கள் சிறிது நேரம் பேசாதிருந்து, “தம்பி, அவர் கேட்ட அந்தச் சங்கீதத்தை வாசியுங்கள்” என்றார்கள். 22ஆம் சங்கீதத்தை எடுத்து வாசித்தோம். ஓலம் முடிந்து துதி தொடங்கும் இடத்துக்கு வந்தவுடனே அவர்கள் கையுயர்த்தி, “இன்றைக்கு இவ்வளவு போதும். மீதியை அடுத்த வருஷம் வந்து வாசியுங்கள்” என்றார்கள். யாம் அந்தப் பக்கத்தில் நூலிட்டுப் புத்தகத்தை மூடி அவர்கள் கையிற் கொடுத்துவிட்டு வந்தோம்.